டயர் குண்டானால் வண்டி பறக்குமா?

பைக்கின் பின்சக்கரத்தில் ஏறக்குறைய கார் டயர் சைஸில் ஒன்றை மாட்டிக்கொண்டு, சிக்னலில் உறுமியபடி நிற்கிற தம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிக் கடாசிவிட்டு, அதைவிட இரண்டு சைஸ் பெரிசாக ஒன்று. 'எதுக்குப்பா இது?' என்று கேட்டால் இரண்டு பதில் வரும். முதல் பதில், 'கெத்து'. அதில் எனக்குத் தகராறே இல்லை. முடியைச் செம்பட்டையாக்கிக் கொள்வது மாதிரி அது ஒரு வயசுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும். இரண்டாவது பதில்தான் எரிச்சலைக் கிளப்புகிறது. 'கிரிப் சார்! டிராக் ரேஸ்ல எல்லாம் இப்படித்தான் போடுவாங்க. பிக்கப் பிச்சிக்கும்.'

அந்தத் தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் டயர் கடைக்காரர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யூடியூப். கூடவே இன்னொரு வித்தையும் உண்டு: 'பின்னாடி காத்தைப் பாதியாக் குறைச்சுடு, ரோட்டை அப்படியே கவ்விக்கும்.' இந்த இரண்டு வாக்கியங்களையும் நம்பி நம் ஊர்ப் பையன்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் டயர்.

முதலில் அந்த டிராக் ரேஸ் எங்கே, எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். (ஓடுதடம் என்கிற டிராக் இல்லை, இழுக்கிற டிராக். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.) பிறந்த வீடு அமெரிக்கா. வளைவு கிடையாது, பிரேக் பிடிக்கிற சாமர்த்தியம் கிடையாது, நேர் ரோடு. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் கால் மைல், அதாவது 402 மீட்டர். யார் முதலில் போகிறாரோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான். நம் ஊர் ரேக்ளா ரேஸ் பார்த்தவர்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இதில் உச்சாணிக் கொம்பில் இருக்கும் வகைக்கு டாப் ஃப்யூயல் என்று பெயர். நைட்ரோமீத்தேன் குடிக்கும். சுமார் 11,000 குதிரைசக்தி. நம்முடைய பழைய மாருதி 800 இன்ஜின்கள் முந்நூறை ஒன்றாகக் கட்டின மாதிரி. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஒரு விநாடிகூட ஆகாது. நாலு விநாடிக்குள் 500 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நீங்கள் இந்த வரியைப் படித்து முடிக்கும் நேரத்தில் ரேஸ் முடிந்து, பாராசூட் விரிந்திருக்கும்.

இத்தனை சக்தியையும் ரோட்டில் இறக்கி வைப்பது பின்னால் உள்ள இரண்டே டயர்கள். ஒவ்வொன்றும் 36 அங்குல உயரம், 17½ அங்குல அகலம். 'பாத்தீங்களா சார், நான் சொன்னேன்ல!' என்று தம்பி துள்ளுவது கேட்கிறது. கொஞ்சம் பொறு ராஜா. அந்த டயருக்குள் எவ்வளவு காற்று தெரியுமா? ஏழு பி.எஸ்.ஐ. சொச்சம். உன் பைக்கில் முப்பது சொச்சம், பஸ் டயரில் நூறுக்கும் மேல். பதினோராயிரம் குதிரைகளைக் கட்டி இழுக்கும் டயரில் வெறும் ஏழு! கட்டை விரலால் அமுக்கினால் அமுங்கும். அதே வண்டியின் முன்டயரைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒல்லிப்பிச்சான், கிட்டத்தட்ட சைக்கிள் டயர் மாதிரி. அகலம்தான் வேகம் என்றால் முன்னாலும் குண்டாகப் போட்டிருக்க மாட்டார்களா? முன்சக்கரம் வண்டியை இழுப்பதில்லை, உருண்டால் போதும். வேலை இல்லாத இடத்தில் ஒரு கிராம் ரப்பரைக்கூட அவர்கள் வைப்பதில்லை.

இனி பள்ளிக்கூடத்துக்கு ஒரு எட்டு போய்வருவோம். உராய்வைப் பற்றி என்ன படித்தோம்? 'உராய்வு விசை தொடுபரப்பைச் சார்ந்ததல்ல. எடையை மட்டுமே சார்ந்தது.' 1699-ல் அமான்டன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னது; அவருக்கு 200 வருஷம் முன்னாலேயே லியனார்டோ டாவின்சி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். இந்த விதியின்படி டயர் கால் அங்குல அகலம் இருந்தாலும் ஒன்றுதான், கால் மைல் அகலம் இருந்தாலும் ஒன்றுதான். உராய்வுக் குணகம் அதிகபட்சம் 1 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், எந்த இன்ஜினை வைத்தாலும் 402 மீட்டரைக் கடக்க 9 விநாடிக்குக் குறைவாக முடியவே முடியாது. பிளஸ் டூ பையன் போட்டுவிடக்கூடிய கணக்கு.

ஆனால் 2008-க்கு முன்பே டாப் ஃப்யூயல் வண்டிகள் அதே தூரத்தை நாலரை விநாடிக்குள் கடந்துகொண்டிருந்தன. வேகம் ஏற ஏறப் பின்னால் உள்ள இறக்கை டன் கணக்கில் வண்டியை அமுக்குகிறது, அது ஒரு உதவி. ஆனால் கிளம்பும்போது வேகமே கிடையாதே, இறக்கை என்ன செய்யும்? அந்த முதல் விநாடியில் உதவுவது ரப்பர்.

ரப்பர் அமான்டன்ஸுக்குக் கட்டுப்பட்ட ஜீவன் இல்லை. இரும்பும் மரமும் ஒன்றன்மேல் ஒன்று உரசும்போது கடினமான மேடுகள்தான் ஒன்றை ஒன்று தொடுகின்றன. ரப்பர் அப்படியில்லை. பிசைந்த சப்பாத்தி மாவை அம்மியில் வைத்து அழுத்தினால் அதன் குழிகளுக்குள் இறங்குமே, அதுபோல ரோட்டின் ஒவ்வொரு நெருடலுக்குள்ளும் இறங்கிக் கட்டிக்கொள்கிறது. மூலக்கூறு அளவில் ஒட்டவும் செய்கிறது. இதில் ஒரு சூட்சுமம். ஒரு சதுர சென்டிமீட்டர் ரப்பரின்மேல் எடையை ஏற்ற ஏற்ற, பிடிப்பு கூடும். ஆனால் எடை கூடுகிற விகிதத்துக்குக் கூடாது. இரண்டு மடங்கு அழுத்தினால் இரண்டு மடங்கு பிடிக்காது. ஆக, அதே எடையை அதிகப் பரப்பில் மெல்லிசாகப் பரப்பி வைத்தால் மொத்தப் பிடிப்பு கூடுதல்.

'அதனாலதானே சார் அகல டயர்!' இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

டயர் தரையைத் தொடும் பரப்பைத் தீர்மானிப்பது அகலம் இல்லை. காற்று! வண்டியைத் தாங்குவதே டயரில்லை, உள்ளே இருக்கும் காற்றுதான். ரப்பர் வெறும் பை. (எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் ஆரம்பித்தது. டயர் என்பது அதே பலூன், கொஞ்சம் முரட்டுத்தனமாக.) டயரின்மேல் இறங்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் தோராயமாகத் தரையைத் தொடும் பரப்பு வந்துவிடும். ஒரு சாதாரண பைக்கையும் அதை ஓட்டுகிறவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்டயரில் 130 கிலோ. காற்று 29 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ சொச்சம். வகுத்தால் 64 சதுர சென்டிமீட்டர். ரம்மி ஆடுகிற சீட்டு ஒன்றைவிடக் கொஞ்சம் பெரிசு. உங்கள் உயிர் அந்தச் சீட்டின்மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது அகல டயரைப் போட்டு, அதே 29 காற்று அடியுங்கள். எடை அதே, காற்று அதே, ஆகவே பரப்பும் ஏறக்குறைய அதே 64. மாறுவது வடிவம் மட்டும். முன்பு நீளமாக, குறுகலாக இருந்த சீட்டு இப்போது குட்டையாக, அகலமாகப் படுத்திருக்கும். பணத்தைக் கொட்டிச் சீட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் அந்த அமெரிக்க வண்டிக்கு ஏன் 17½ அங்குலம்? கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். வண்டி ஓட்டுநரோடு சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் கிலோ. கிளம்பும் கணத்தில் முன்பக்கம் எகிறி, கிட்டத்தட்ட முழு எடையும் பின்னால் உட்கார்ந்துவிடும். ஒரு டயருக்கு 525 கிலோ என்று வையுங்கள். 7 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ. பரப்பு ஆயிரம் சதுர சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. ஏ4 பேப்பர் ஒன்றரை! அதே டயரில், அதே அகலத்தில், 32 அடித்துப் பாருங்கள்: 230 சொச்சம்தான். பரப்பைக் கொடுத்தது குறைந்த காற்று. அகலம் எதற்கென்றால், இவ்வளவு குறைந்த காற்றில் அவ்வளவு எடையும் ஏறினால் ஒல்லி டயர் அப்பளமாக நசுங்கி ரிம் தரையில் இடிக்கும். அதைத் தாங்க உள்ளே நிறையக் காற்று பிடிக்கிற பெரிய பை வேண்டும். தவிர, பரப்பு பெரிதானால் சூடு பரவும், மெழுகு மாதிரி மிருதுவான ரப்பரைத் தைரியமாக உபயோகிக்கலாம். குறைந்த காற்று, மிருதுவான ரப்பர், அதைத் தாங்குவதற்கு அகலம். இந்த மூன்றில் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் வாங்கி மாட்டுவது, தோசைமாவு இல்லாமல் பெரிய தோசைக்கல் வாங்குவது போல.

மாட்டினதோடு முடிவதும் இல்லை. ரேஸுக்கு முன் அந்த மனிதர்கள் டயரோடு படுகிற பாடு இருக்கிறதே, பச்சைக் குழந்தையைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். கால், அரை பி.எஸ்.ஐ. கணக்கில் காற்றைக் கூட்டிக் குறைக்கிறார்கள். வெயில் ஒரு பக்கம் விழுந்தால் அந்தப் பக்கத்து டயருக்குத் துணி போர்த்துகிறார்கள். ஏன்? பத்து டிகிரி சூடு ஏறினால் 7 பி.எஸ்.ஐ. டயரில் அழுத்தம் ஏறக்குறைய 0.7 கூடிவிடும். பத்து சதவீதம்! ஒரு டயர் வெயிலிலும் ஒரு டயர் நிழலிலும் நின்றால் வண்டி கோணலாகக் கிளம்பும். பிறகு தண்ணீரில் நனைத்து, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் புகை பறக்கவிடுவார்களே, அது ஜனங்களுக்குக் காட்டுகிற வேடிக்கை மட்டும் இல்லை. ரப்பரைச் சுத்தம் பண்ணிச் சூடேற்றுகிற வேலை. ரோடும் சாதா ரோடு இல்லை, அதன்மேல் பசை தெளித்து வைத்திருப்பார்கள். நடந்து போனால் செருப்பு ஒட்டிக்கொள்ளும்.

சாதாரணக் காரில் டிராக் ஓட்டுகிற பொழுதுபோக்குக்காரர்கள்கூடத் தரையில் விழுந்த கருப்புத் தடத்தைக் குனிந்து படிக்கிறார்கள். இரண்டு ஓரமும் அழுத்தமாக, நடுவில் வெளிறிப் போயிருந்தால் காற்று போதவில்லை. நடுவில் மட்டும் கருப்பென்றால் காற்று ஜாஸ்தி. முதல் 60 அடியை, அதாவது 18 மீட்டரை, எத்தனை விநாடியில் கடந்தோம் என்பதைத் தனியாக அளக்கிறார்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு நூறில் ஒரு பங்கு விநாடியும் கடைசியில் ஒன்றரை, இரண்டு மடங்காகத் திரும்பி வரும். சரி, காற்றைக் குறைத்துக்கொண்டே போனால் நல்லதுதானே என்றால் அதுவும் இல்லை. ஒரு கட்டத்துக்குமேல் குறைத்தால் பாதி தூரத்துக்கு அப்புறம் வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும். டயர் உருள மறுத்துக் கடைசி வேகத்தைத் தின்றுவிடும். முன்டயரில் மட்டும் கல் மாதிரி காற்றை ஏற்றி வைப்பார்கள், லேசாக உருளட்டும் என்று. முன்னால் ஒரு நியாயம், பின்னால் ஒரு நியாயம்.

அந்தப் பெரிய டயர்களில் இன்னொரு அதிசயமும் உண்டு. கிளம்பும்போது பக்கச் சுவர் கிழவியின் கன்னம்போலச் சுருங்கி மடங்கும். அந்த மடிப்பு ஸ்பிரிங் மாதிரி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வேகம் ஏறியதும் சுழற்சியின் விசையில் டயர் அங்குலக் கணக்கில் உயர்ந்து, ஒல்லியாகிவிடும். உயரம் கூடினால் ஒரு சுற்றுக்குப் போகும் தூரமும் கூடும் அல்லவா? கியர்பாக்ஸே இல்லாத அந்த வண்டிக்கு டயர்தான் கியர். ரேஸின் கடைசியில் அந்தக் 'குண்டு' டயர் குண்டாகவே இருப்பதில்லை!

இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தும் சாகிறார்கள். எரிக் மெட்லன் என்று ஒரு இளைஞர், 33 வயது. 2007 மார்ச்சில் ஃபுளோரிடா மாநிலத்தில் கெயின்ஸ்வில் தடத்தில் பரிசோதனை ஓட்டம். பின்டயர் சிதைந்து வண்டி உதற ஆரம்பித்தது. உதறல் என்றால் நம் டவுன் பஸ் உதறல் இல்லை. கூண்டுக்குள் தலை இப்படியும் அப்படியும் அடித்து மூளை கலங்குகிற உதறல். நாலு நாள் கழித்து இறந்துபோனார். அதற்கப்புறம் ஓட்டுநர் கூண்டின் அமைப்பையே மாற்றினார்கள். 2008 ஜூனில் ஸ்காட் கலிட்டா இன்ஜின் வெடித்து, பாராசூட் வேலை செய்யாமல், மணல் குவியலையும் தாண்டிப் போய் இறந்தார். உடனே பெரிய வண்டிகளுக்கு ஓட்டத்தின் தூரத்தையே 402 மீட்டரிலிருந்து 305 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். செத்தவருக்கு ஃபிளெக்ஸ் போர்டு வைத்ததோடு விட்டுவிடவில்லை.

இப்போது நம் ரோட்டுக்கு வருவோம்.

150 சிசி பைக். 15 குதிரைசக்தி. 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இன்ஜின் முழு மூச்சையும் பிடித்துத் தள்ளினால் வரும் விசை சுமார் நூறு கிலோ. பின்டயரில் உட்கார்ந்திருக்கும் எடையோ 130. முறுக்கும்போது முன்னாலிருந்து இன்னும் கொஞ்சம் வந்து சேரும். காய்ந்த தார்ரோட்டில் கம்பெனி டயரே இந்த இழுப்பைத் தாங்கி மிச்சம் வைத்திருக்கும். உன் வண்டியைத் தடுத்து நிறுத்துவது டயரின் கிரிப் இல்லை தம்பி, இன்ஜினின் பலம். இல்லாத வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறாய். பக்கவிளைவு மட்டும் மிச்சம்: டயரின் எடை கூடிப்போச்சு. சுற்றுகிற எடையைச் சுழற்ற இன்ஜின் கூடுதலாக உழைக்கணும். பிக்கப் குறையும், மைலேஜ் குறையும். குண்டு டயர் போட்ட வண்டி போடாத வண்டியைவிட மெதுவாகத்தான் கிளம்பும்.

இதுகூடப் பரவாயில்லை. ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றுகிறார்களே, அதுதான் கொடுமை. ஒல்லி ரிம்முக்காகச் செய்த இருக்கையில் குண்டு டயரைத் திணித்தால் அதன் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடு முதுகு கூம்பிவிடும். நேராகப் போகையில் தரையைத் தொடும் பரப்பு முன்னைவிடக் குறைந்துபோகும். கூடுதல் கிரிப்புக்குக் காசு கொடுத்து, இருந்த கிரிப்பையும் தொலைப்பது இதுதான். சில வண்டிகளில் டயர் செயினை உரசும், ஸ்விங் ஆர்மை உரசும். பின்னால் ஆள் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது மட்கார்டைத் தேய்க்கும். டிராக் ரேஸ் பைக்கில் பின்டயர் தட்டையாக, சப்பையாக இருக்கும். அது ஆயுசுக்கும் நேராகவே போகிற வண்டி. உன் வண்டி பால்காரரைப் பார்த்து ஒதுங்கணும், பள்ளத்தைப் பார்த்து வளையணும், நாய் குறுக்கே வந்தால் சாயணும். அகல டயரில் அதே வளைவுக்கு வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும். வளைவில் அந்த ஒரு நொடித் தாமதம் போதாதா?

ஆயிரம் சிசி வண்டிகளில் கம்பெனியே அகல டயர் போடுகிறதே என்று மடக்குவீர்கள். நியாயமான கேள்வி. அங்கே 200 குதிரைசக்தி இருக்கிறது. சூடு தாங்க, மிருதுவான ரப்பர் வைக்க, இடம் வேண்டும். ரிம்மும் ஃபோர்க்கும் அதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்தவை. யானைக்கு யானைக் கால்.

அடுத்து, காற்றைக் குறைக்கும் வித்தை. டிராக் டயருக்கு வாழ்க்கை நாலு விநாடி. சில ஓட்டங்கள் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். உங்கள் டயர் மே மாத வெயிலில் உளுந்தூர்பேட்டை தாண்டித் திருச்சி வரை போகணும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவரில் மடங்கி நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள், சூடாகிப் பட்டென்று ஒடியும். அதே கதைதான். டயர் 'வெடித்தது' என்று மறுநாள் பேப்பரில் வரும். ஏதோ டயர் தன்னிச்சையாக முடிவெடுத்து வெடித்துவிட்ட மாதிரி!

இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவிலேயே இருக்கிறது. ஃபோர்டு கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் வண்டி, ஃபயர்ஸ்டோன் டயர். வண்டி உயரமானது, கவிழ்ந்துவிடக்கூடாது என்று ஃபோர்டு சிபாரிசு செய்த காற்று வெறும் 26. வெயில் காலத்தில், வேகத்தில், டயரின் மேல்தோல் வாழைப்பழத் தோலாக உரிந்து வண்டி உருண்டது. 2000 ஆகஸ்ட்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்க அரசின் கணக்கில் 271 உயிர். காற்றைக் குறைவாகச் சொன்னது உன் தப்பு என்றது ஃபயர்ஸ்டோன். டயரே சொத்தை என்றது ஃபோர்டு. 1906-லிருந்து வியாபார உறவு. ஃபோர்டு குடும்பமும் ஃபயர்ஸ்டோன் குடும்பமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் வேறு. சம்பந்தி சண்டை உலகமெல்லாம் நாறி, 2001-ல் உறவு முறிந்தது. டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் எரிகிற அந்த மஞ்சள் விளக்கு அமெரிக்காவில் கட்டாயமானது இந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்த சட்டத்தால்தான். நம்மில் பாதிப் பேர் அது எரிந்தால் 'சென்சார் கோளாறு' என்று ஓட்டிக்கொண்டே போகிறோம்.

மழை வந்தால் கதை இன்னும் மோசம். விமானம் நனைந்த ஓடுதளத்தில் இறங்கும்போது எந்த வேகத்தில் டயர் தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும் என்று நாசா ஆராய்ந்து, 1963-ல் ஒரு சூத்திரம் சொன்னது. அதில் முக்கியமான சமாச்சாரம் ஒன்றே ஒன்று, காற்றழுத்தத்தின் வர்க்கமூலம். காருக்கு அதைப் போட்டுப் பார்த்தால், தண்ணீர் தேங்கிய ரோட்டில், தேய்ந்த டயரில், 32 காற்று இருந்தால் சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கும். 18 மட்டும் இருந்தால் 71-லேயே மிதந்துவிடும். மிதக்கிற காருக்கு ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. டயர் அகலமாக இருந்தால் தண்ணீரைக் கிழித்து ஒதுக்குவது இன்னும் கஷ்டம். டிராக் டயர் மொட்டையாகத்தானே இருக்கிறது என்று மொட்டை டயரோடு திரிகிறவர்களுக்கு ஒரு தகவல்: நாலு தூறல் விழுந்தாலே அவர்கள் ரேஸை நிறுத்திவிட்டு, ரோட்டை உலர்த்த மெஷினைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

கார்க்காரர்கள் நாம் ஏதோ யோக்கியர் என்று நினைக்க வேண்டாம். கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தீர்கள்? போன மாதம் நெடுஞ்சாலையில் ஒரு பங்க்கில் காற்று அடித்துவிட்டு, என்னிடமிருந்த கைகாஜில் வைத்துப் பார்த்தேன். மெஷின் 33 என்று பீப் அடித்துச் சத்தியம் செய்தது, கையில் 27. பையனைக் கேட்டால், 'மெஷின் கரெக்ட்டுதான் சார், உங்களுதுதான் சைனா மேக்.' பக்கத்திலேயே நைட்ரஜன் காற்றும் உண்டாம், காசு கொடுத்தால். உங்களையும் என்னையும் சுற்றியிருக்கிற இலவசக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான் ஐயா! மீதி 22-க்காகப் பணம் வாங்குகிற சாமர்த்தியத்தைப் பாராட்டலாம், வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் எவ்வளவு காற்று என்று ஒட்டியிருக்கும். பைக்கில் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ இருக்கும், இல்லாவிட்டால் புத்தகத்தில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்சம். அதைப் பார்த்து அடிக்கச் சொல்லாதீர்கள். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், காலையில் பாருங்கள்.

நம் பையன்களுக்கு இந்தப் பித்தைப் பிடிக்க வைத்ததில் 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' படத்துக்குப் பெரிய பங்கு. ராத்திரி ரோட்டில் டிராக் ரேஸ், நீல வெளிச்சம், கைதட்டல். அதன் நாயகன் பால் வாக்கர் 2013 நவம்பர் 30-ம் தேதி, நண்பர் ஓட்டிய போர்ஷ் காரில் போகும்போது விபத்தில் இறந்தார். 45 மைல் வேகத்துக்கு அனுமதித்த சாலையில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். விசாரித்த அதிகாரிகள் முதல் காரணமாகச் சொன்னது வேகத்தை. கூடவே இன்னொன்றையும் குறித்தார்கள்: அந்த விலையுயர்ந்த காரின் டயர்களுக்கு வயசு ஒன்பது. அதிகம் ஓடாத வண்டி, பட்டன் தேயவில்லை, பார்க்கப் புதுசு. ஆனால் ரப்பர் உள்ளுக்குள் இறுகிப்போகும். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், பாருங்கள். 3218 என்றால் 2018-ம் வருஷம் 32-வது வாரத்தில் பிறந்தது. செகண்ட் ஹேண்ட் குண்டு டயர் வாங்குகிற தம்பிகளில் அந்த நாலு எண்ணைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

எல்லாம் சரி, பையன்கள் வேகம் போகவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. பதினெட்டு வயசில் வேகம் பிடிக்காவிட்டால்தான் டாக்டரிடம் காட்டணும். அமெரிக்காவிலும் இது ரோட்டில் நடந்த ரகளைதான். யுத்தம் முடிந்து வந்த இளைஞர்கள் பழைய கார்களை முறுக்கிக்கொண்டு தெருவில் மோதினார்கள், செத்தார்கள். 1950-ல் கலிஃபோர்னியாவில் சாண்டா அனா விமான நிலையத்தின் ஓடுதளத்தில் காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காக ரேஸ் விட்டார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் சங்கம் ஆரம்பித்து விதிமுறை எழுதினார். 1953-ல் அந்தச் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வ ரேஸ், பொமோனாவில், பொருட்காட்சித் திடலின் கார் நிறுத்துமிடத்தில். உள்ளூர் போலீஸ் கூட நின்று நடத்திக்கொடுத்தது. லத்தியோடு அல்ல.

நமக்கு இது புதுசா என்ன? இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட சோழவரம் ஓடுதளத்தில்தான் வருஷக்கணக்காக மெட்ராஸ்காரர்கள் மோட்டார் ரேஸ் பார்த்தார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தடம் வந்தது, பிறகு கோவையில் கரி ஸ்பீட்வே. இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் பந்தயங்களும் நடந்திருக்கின்றன. ஆனால் மதுரைப் பையன், நெல்லைப் பையன், விழுப்புரத்துப் பையன் எங்கே போவான்? உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று யுத்த காலத்தில் போட்ட ஓடுதளங்கள் தெற்கே வரிசையாக இருக்கின்றன. 402 மீட்டர் ஓடவும் அதற்குமேல் நிற்கவும் ஒரு ஒன்றேகால் கிலோமீட்டர் நேர் ரோடு, ஒரு ஆம்புலன்ஸ், ஹெல்மெட்டையும் டயரையும் சோதிக்கிற ஒரு ஆள், மாதம் ஒரு ஞாயிறு. கலெக்டர் ஒருவர் மனசு வைத்தால் நடக்கிற காரியம். நம் சர்க்கார் இதுவரை யோசித்து வைத்திருப்பது பிடித்து அபராதம் போடுவது மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு. 2019-ல் திருத்தி, பொதுச் சாலையில் ரேஸ் விட்டு முதல் தடவை மாட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று கடுமையாக்கினார்கள். பெரிய பைக்குக்கு இறக்குமதி அகல டயர் ஒன்று அதைவிட விலை ஜாஸ்தி.